கம்யூனிட்டி ஹேண்ட்பெல் குழு: டிசம்பர் கச்சேரிய மட்டும் பாத்து மார்க் போடாதீங்க

மார்க்க மொதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். கிறிஸ்துமஸ் சீசன்ல ஹேண்ட்பெல் கச்சேரி கேக்க போறீங்கன்னா அஞ்சுக்கு மூணரை. ஜனவரிக்கு மேல அதே குழுவுல சேர்ந்து நீங்களே வாசிக்கறீங்கன்னா அஞ்சுக்கு நாலரை. நவம்பர்ல போய் சேர்ந்தா ரெண்டு, அதுவும் பெல்லு பளபளன்னு இருக்கறதுக்காக போட்டது. அதே குழு, அதே பெல்லு, எந்த மாசம் உள்ள போறீங்கங்கறத பொறுத்து அனுபவம் தலைகீழா மாறுது. இத யாரும் எழுதறதே இல்ல, ஏன்னா இதுக்கு வர்ற ரிவ்யூ எல்லாமே டிசம்பர்லதான் வருது, "சூப்பரா இருந்துச்சு, குழந்தைங்க ரசிச்சாங்க" அப்படின்னு ரெண்டு வரி, அதோட முடிஞ்சுது.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. கடை வாசல்ல உண்டியல் பக்கத்துல நின்னு கிணிகிணின்னு ஆட்டுவாங்களே அந்த மணி வேற. இங்க சொல்றது சுருதி சேர்த்து கடைஞ்ச வெண்கல மணி, சுமாரா நூத்துக்கு 80 பங்கு செம்பு 20 பங்கு வெள்ளீயம், பிடிக்கறதுக்கு வார் வச்ச கைப்பிடி. ஒவ்வொரு மணிக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான். மூணு ஆக்டேவ் (ச-ல இருந்து மேல் ச வரைக்கும் ஒரு ஆக்டேவ்) செட்டுன்னா 37 மணி, அஞ்சு ஆக்டேவ்னா 61. ஒரு ஆள் கையில ரெண்டு, அதோட ஷார்ப் ஃப்ளாட் (அரை ஸ்வரம் மேல, அரை ஸ்வரம் கீழ) எல்லாம் முன்னாடி டேபிள்ல படுத்துட்டு இருக்கும். மூணு ஆக்டேவுக்கு பதினொரு பேராவது வேணும். அந்த பதினொரு பேரும் சேர்ந்துதான் ஒரு வாத்தியம், ஒரு பியானோவ பதினொரு துண்டா வெட்டி ஆளுக்கு ரெண்டு கட்டை குடுத்துட்டாங்கன்னு நினைச்சுக்கோங்க, இதுதான் இதோட மொத்த அழகும் மொத்த தலைவலியும்.

இது ஏன் கிறிஸ்துமஸோட ஒட்டிக்கிச்சுன்னு ஒரு கேள்வி வரும். ஆரம்பத்துல இதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. இங்கிலாந்துல சர்ச் கோபுரத்துல பெரிய மணிய கயிறு கட்டி இழுத்து நம்பர் வரிசைய மாத்தி மாத்தி அடிப்பாங்க, 6 பெல்லு இருந்தா 720 விதமா வரிசை மாத்தலாம், அத மனப்பாடமா அடிக்கணும்னா ஏகப்பட்ட ப்ராக்டிஸ் வேணும். குளிர்ல கோபுரத்துல நின்னுட்டு இருக்க முடியாது, ஊரும் தூங்கணும், அதனால சின்ன மணிய கையில எடுத்து உள்ள உக்காந்து ப்ராக்டிஸ் பண்ணாங்க. வில்ட்ஷயர்ல ஆல்ட்பர்ன்னு ஒரு கிராமம், அங்க ராபர்ட் கோர், வில்லியம் கோர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1700 வாக்குல சுருதி சேர்த்த கைமணி செஞ்சாங்க. அப்புறம் 1840கள்ல சர்க்கஸ் புகழ் பி.டி. பார்னம், இங்கிலாந்து லங்காஷயர்ல கைமணி வாசிச்சவங்க சில பேர அமெரிக்காவுக்கு கூட்டிட்டு போய் சுவிஸ் டிரஸ் மாட்டிவிட்டு "சுவிஸ் மணி வாத்தியக்காரங்க"ன்னு டிக்கெட் வித்தாரு. மார்க்கெட்டிங்னா அதுதான். கிறிஸ்துமஸ் ஒட்டுனது பாஸ்டன்ல. மார்கரெட் ஷர்க்ளிஃப்னு ஒரு அம்மா, 1902ல லண்டன் போய் கோபுர மணி அடிச்சு காட்டுனாங்க, அங்க வைட்சேப்பல் மணிப் பட்டறைல இருந்து ஒரு செட் ஹேண்ட்பெல் பரிசா குடுத்து அனுப்புனாங்க. அத வச்சு 1920கள்ல பீக்கன் ஹில்ங்கற ஏரியா தெருவுல கிறிஸ்துமஸுக்கு முந்துன ராத்திரி குடும்பமும் நண்பர்களுமா சேர்ந்து வாசிச்சாங்க, ஜனங்க கூடி நின்னு கேட்டாங்க, அங்கேர்ந்து புடிச்சது இன்னிக்கு வரைக்கும் விடல. 1954ல அமெரிக்க அளவுல சங்கமும் ஆரம்பிச்சாங்க, இப்ப அதுக்கு ஹேண்ட்பெல் மியூசிஷியன்ஸ் ஆஃப் அமெரிக்கான்னு பேரு.

சரி, கச்சேரிக்கு வருவோம். மூணரை மார்க்குல ரெண்டு மார்க் சத்தத்துக்கே போயிடும். நல்ல செட்டுல ஒரு மணிய தட்டுனா அந்த ஸ்வரத்தோட சேர்ந்து ஒரு ஆக்டேவும் ஒரு பஞ்சமமும் மேல தள்ளி இன்னொரு ஸ்வரம் மெலிசா கேக்கும், அப்படித்தான் ட்யூன் பண்ணிருப்பாங்க, அதனால பத்து மணி சேர்ந்து ஒலிச்சாலும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. இது ரெக்கார்டிங்ல பாதி கூட வராது, ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா சைக்கிள் பெல்லு ரேஞ்சுக்குதான் கேக்கும், நேர்ல கேட்டாதான் உண்டு. மீதி ஒன்றரை மார்க் பாக்கறதுக்கு. பதினொரு பேரு கை ஒரே நேரத்துல மேல வர்றதும் அந்த கை வட்டம் போட்டு தோளுக்கு வந்து மணிய மேல ஒத்தி சத்தத்த அடக்கறதும், அடிக்கறத விட அடக்கறதுதான் கஷ்டம்னு பாத்தாலே புரியும்.

கொறச்ச ஒன்றரை மார்க் எதுக்குன்னா, டிசம்பர் ப்ரோக்ராம் எங்க போனாலும் ஒரே லிஸ்ட். அதே பத்து கேரல், அதே வரிசை, கடைசில எல்லாரும் எழுந்து பாடணும். ஒரு குழு நல்லா வாசிக்குதா சுமாரா வாசிக்குதான்னே இதுல தெரியாது, ஏன்னா ட்யூன் நமக்கு ஏற்கனவே தெரிஞ்சது, நடுவுல ரெண்டு ஸ்வரம் விழுந்தாலும் நம்ம காது தானா ரொப்பிடுது. ஹால் விஷயமும் இருக்கு. தரை முழுக்க கார்பெட் போட்ட ஹால்ல மணி சத்தம் பொத்துனு செத்துடும், ரொம்ப எதிரொலிக்கற இடத்துல வேகமான பாட்டு எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். கடைசி மணி இன்னும் ஒலிச்சுட்டு இருக்கும்போதே கைதட்டறவங்கள பத்தி நான் எதுவும் சொல்லல.

இந்த டிசம்பர் கச்சேரிய பாத்து மயங்கி உடனே சேரலாம்னு போறவங்களுக்குதான் இந்த ரிவ்யூவே. சீசன் நேரத்துல போகாதீங்க. "புதுசா வர்றவங்களுக்கு நல்வரவு, நோட்ஸ் படிக்க தெரியலன்னாலும் பரவால்ல"ன்னு போர்டு போட்டிருப்பாங்க, பொய்யும் இல்ல, ஆனா நவம்பர்ல அந்த குழு இருக்கற நெலமை வேற. கச்சேரிக்கு பாட்டு எல்லாம் செப்டம்பர்லயே எடுத்து எல்லாருக்கும் இடம் ஒதுக்கி முடிச்சிருப்பாங்க. நான் போன ஒரு குழுவுல எனக்கு குடுத்த வேலை பேஜ் திருப்பறது, டேபிள் துணி இஸ்திரி போடறது, கடைசி பாட்டுல ஒரே ஒரு மணிய நாலு தடவ அடிக்கறது. குழுவ நடத்தற டைரக்டர் நல்ல மனுஷிதான், ஆனா அவங்களுக்கு அப்ப எனக்கு சொல்லித்தர எங்க நேரம். யாரையும் குத்தம் சொல்லல, ஆனா அப்படி வந்துட்டு "இவ்ளோதானா"ன்னு ஓடிப்போனவங்கள பாத்திருக்கேன், அதுல நெறைய பேரு நல்லா வந்திருப்பாங்க.

ஜனவரில கதையே வேற. கச்சேரி முடிஞ்சு பாதி பேரு லீவு எடுத்துப்பாங்க, இடம் காலியா இருக்கும், டைரக்டருக்கும் மூச்சு விட நேரம் இருக்கும், பாட்டும் எல்லாருக்கும் புதுசு. நீங்களும் அவங்களும் ஒரே பேஜ்ல ஒரே மாதிரி தடுமாறுவீங்க. சேரணும்னா அப்ப சேருங்க, அவ்ளோதான் இந்த ரிவ்யூல நான் அடிச்சு சொல்ற விஷயம்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். புதுசா வர்றவங்களுக்கு பொதுவா நடு இடம் குடுப்பாங்க, டி5 இ5 இல்லன்னா எஃப்5 ஜி5 (எழுத்து ஸ்வரத்தோட பேரு, நம்பர் எந்த ஆக்டேவ்னு). நோட்ஸ் படிக்க தெரியாதவங்களுக்கு இது எவ்ளோ சவுகரியம்னா, உங்களுக்கு மொத்த பேஜும் தேவை இல்ல, அஞ்சு கோட்டு நோட்ஸ்ல ஒரு கோடு ஒரு இடைவெளி, அத மட்டும் தேடுனா போதும். டி5 இ5 காரங்களுக்கு கீழேர்ந்து நாலாவது கோடும் அதுக்கு மேல இருக்கற நாலாவது இடைவெளியும். இடது கைல கீழ் ஸ்வரம் வலது கைல மேல் ஸ்வரம், ரெண்டு கலர் பென்சில் எடுத்து உக்காந்து ஒரு பாட்டு பூரா வட்டம் போட்டுட்டா அடுத்த வாரம் வாசிச்சுடலாம். (கேக்கறது எழுதி இருக்கறத விட ஒரு ஆக்டேவ் மேல கேக்கும், பியானோ பழகினவங்க மொதல்ல கொஞ்சம் முழிப்பாங்க, அத கண்டுக்காதீங்க.)

ரெண்டு மணிய ஆட்டறதுல என்னடா இருக்குன்னு தோணும். எனக்கு கிடைச்ச மொத பாட்டுலயே நடுவுல இ போய் இ ஃப்ளாட் வந்துடுச்சு. என்ன பண்ணணும்னா, இ அடிக்கணும், அடிச்ச மணிய தோள்ல ஒத்தி அடக்கணும், சத்தம் வராம டேபிள்ல விரிச்சிருக்கற ஃபோம் மேல படுக்க வைக்கணும், பக்கத்துல இருக்கற இ ஃப்ளாட்ட எடுக்கும்போது உள்ள இருக்கற நாக்கு தெரியாத்தனமா தட்டிடக்கூடாது, எடுத்து நாக்கு பின்னாடி சாய்ஞ்சிருக்கற நிலைக்கு கொண்டு வரணும், இதெல்லாம் ரெண்டு தாளத்துக்குள்ள, அதுக்குள்ள இடது கைல இருக்கற டி ஒரு தடவ வந்து போயிடும். இதுல பேஜ் வேற திருப்பணும். வாய்க்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிட்டே இருக்கணும், எண்ணறத விட்டா காலி, ஏன்னா உங்க ஸ்வரம் எட்டு தாளத்துக்கு ஒரு தடவதான் வரும், அந்த நேரத்துல வேற எங்கயோ பாத்துட்டு இருந்தா போச்சு.

பாட்டு வாத்தியார்கிட்ட வீட்ல தனியா கத்துக்கற மத்த எதுலயும் இல்லாத ஒண்ணு இதுல இருக்கு. நீங்க தப்பு பண்ணா குழுவுக்கு கேக்கும், நீங்க வரலன்னா ஊருக்கே கேக்கும். பெரிய கோரஸ்ல ஒருத்தர் லீவு போட்டா யாருக்கும் தெரியாது. இங்க ஒருத்தர் வரலன்னா ரெண்டு ஸ்வரம் பாட்டு பூரா காணாம போயிடும், ட்யூன் பல்லு போன வாயா நிக்கும். பக்கத்துல இருக்கறவங்க ஒரே கைல ரெண்டு மணி பிடிச்சு சமாளிப்பாங்க, சில பேரு அதுல கில்லாடி, ஆனா எவ்ளோ நாள் சமாளிக்கறது. அதனால வாரம் ஒரு நாள் கண்டிப்பா வரமுடியும்னா சேருங்க, அடிக்கடி வெளியூர் போற வேலைன்னா "சப்"பா பேரு குடுத்து வைங்க, ஆள் இல்லாத அன்னிக்கு கூப்பிடுவாங்க, எல்லா குழுவுக்கும் சப் தேவை, சந்தோஷமா எடுத்துப்பாங்க. எனக்கு இந்த கட்டாயம் புடிச்சிருக்கு. ஜிம்முக்கு போகாம இருக்க நூறு காரணம் கண்டுபுடிக்கற ஆளு நான், இதுக்கு மட்டும் காய்ச்சல்னாலும் மாத்திரை போட்டுட்டு போகலாமான்னு யோசிக்கறேன். மத்தவங்களுக்கு இது தொந்தரவா தெரியலாம், அதுவும் நியாயம்தான்.

சீசன் தாண்டி என்ன வாசிப்பாங்கன்னு கேட்டா, இங்கதான் சரக்கே இருக்கு. ஹேண்ட்பெல்லுக்குன்னே எழுதின இசை நெறைய இருக்கு, கஷ்டத்த பொறுத்து ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் லெவல் போட்டிருப்பாங்க. சும்மா ஆட்டறத தவிர எத்தனை வித்தை இருக்குன்னு டிசம்பர்ல பாதி தெரியாது. மணிய ஃபோம் மேல அமுக்கி தட்டுனா டப்புனு சின்னதா ஒரு சத்தம், அதுக்கு மார்டெல்லாட்டோன்னு பேரு. கட்டை விரல மணி மேல வச்சு ஆட்டுனா மொட்டையா வரும், நோட்ஸ்ல டிடின்னு போட்டிருக்கும். எல்வின்னு போட்டிருந்தா அடக்காம விட்டுடணும், எல்லா ஸ்வரமும் ஒண்ணு மேல ஒண்ணு மிதக்கும். டேபிள்ல படுத்திருக்கற மணிய நாக்க புடிச்சு கீழ தட்டறது ஒண்ணு, மேலட் குச்சியால அடிக்கறது ஒண்ணு, அடிச்ச மணிய கீழ தொங்கவிட்டு முன்ன பின்ன வீசி சத்தத்த அலைய விடறது ஒண்ணு. வசந்த கால ப்ரோக்ராம்ல இதெல்லாம் கலந்து ஒரு லெவல் நாலு பாட்டு கேட்டேன், ஆரம்பத்துல ட்யூனே இல்ல, வெறும் டப் டப், அப்புறம் பெரிய மணி ஒண்ணு மட்டும் எல்வில, அப்ப பக்கத்துல இருந்தவரு "இது அதே குழுதானா"ன்னு கேட்டாரு. அமெரிக்காவுல ராலே ரிங்கர்ஸ்னு 1990ல ஆரம்பிச்ச கம்யூனிட்டி குழு ஒண்ணு ராக் பாட்டெல்லாம் மணியிலயே வாசிக்கறாங்க, ஆடிஷன் வச்சு ஆள் எடுக்கற குழு அது, நம்ம லெவல் இல்ல, ஆனா இந்த வாத்தியத்துல எவ்ளோ தூரம் போகலாம்னு தெரிஞ்சுக்க ஒரு தடவ பாருங்க.

கச்சேரி தவிர முதியோர் இல்லம், கல்யாணம், நினைவஞ்சலின்னு வருஷம் பூரா கூப்பிடுவாங்க. அப்புறம் மாஸ் ரிங்கிங்னு ஒண்ணு, பல குழு ஒரே ஹால்ல சேர்ந்து ஒரே பாட்ட ஒரே டைரக்டர பாத்து வாசிக்கறது, நூத்துக்கணக்குல மணி ஒண்ணா அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டுல அதிரும், அதுக்கு தனியா அஞ்சுக்கு அஞ்சு. ஆள் கொறஞ்சா கவலை இல்ல, பன்னெண்டு மணி வச்சு ஆறு பேரு வாசிக்கற பாட்டு புத்தகம் எல்லாம் வருது, கோடை லீவுல நாங்க அதுலதான் ஓட்டறோம்.

இனிமே கஷ்டம். மொத கஷ்டம், வாசிக்கற நேரத்த விட தூக்கற நேரம் அதிகம். டேபிள் விரிக்கணும், அது மேல மூணு நாலு இஞ்ச் ஃபோம், அது மேல துணி, சுருக்கம் இல்லாம. அப்புறம் பெட்டிய தொறந்து வரிசையா அடுக்கணும், முடிஞ்சதும் ஒவ்வொண்ணையும் தொடைச்சு அதோட குழியில வைக்கணும். கீழ் ஆக்டேவ் மணி எல்லாம் கிலோ கணக்குல வெயிட்டு, அத வாசிக்கறவங்களுக்கு மணிக்கட்டு ஸ்ட்ராங்கா இருக்கணும். மணிக்கட்டுலயோ தோள்லயோ பிரச்சனை இருக்கறவங்க சங்கோஜப்படாம மேல ஸ்வரம் கேளுங்க. ஆனா மேல ஸ்வரத்துல நிக்கறவங்களுக்கு காது, சின்ன மணி சத்தம் ஊசியா குத்தும், சின்ன ரூம்ல ப்ராக்டிஸ்னா இயர் ப்ளக் போடறதுல தப்பே இல்ல. மொத்த நேரமும் நின்னுட்டேதான். எங்க குழுவுல ஒருத்தருக்கு உயரமான ஸ்டூல் போட்டு குடுத்திருக்காங்க, கேட்டா செய்வாங்க, கேக்கணும்.

ரெண்டாவது, மணிய பத்தி குழு ஆளுங்க ஒரு மாதிரி பக்தியாவே இருப்பாங்க. வெறுங்கைல தொட்டா கை எண்ணெய் பட்டு வெண்கலம் கறுத்து ரேகை விழுந்துடும், அதனால கையுறை. மணிய மணியோட முட்ட விடக்கூடாது, மேஜை விளிம்புல இடிக்கக்கூடாது, ஃபோம் இல்லாத இடத்துல மார்டெல்லாட்டோ பண்ணா விரிசல் விடும். சின்ன குழந்தைங்கள மணி பக்கத்துல விடவே மாட்டாங்க. மொதல்ல எரிச்சலா இருந்துச்சு, ஒரு மணி கெட்டுப்போனா பட்டறைக்கு அனுப்பி திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஸ்வரமே இல்லாம குழு முடங்கும்னு தெரிஞ்ச அப்புறம் நானும் அப்படி ஆயிட்டேன்.

புதுசா குழு ஆரம்பிக்கணும்னு யாராவது நினைச்சா, வெண்கல செட்டுல ஆரம்பிக்காதீங்கங்கறது என் அபிப்பிராயம். ஹேண்ட்சைம் இருக்கு, சதுரக் குழாய் அலுமினியம், மேல நடுவுல பொளந்து இசைக்கவை கணக்கா ரெண்டு காது, வெளில ஒரு சின்ன சுத்தியல். வெண்கலத்த விட ரொம்ப மலிவு, வெயிட்டு கம்மி, சத்தம் மெத்துனு இருக்கும், பள்ளிக்கூடத்துல எல்லாம் இதுதான். ஆட்டற முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால பின்னாடி வெண்கலத்துக்கு மாறுனா கை பழகிருக்கும். மார்டெல்லாட்டோ மட்டும் இதுல கூடாது. வேகமான பாட்டுல கொஞ்சம் பின்தங்கும், ரொம்ப மேல ஸ்வரம் மெலிஞ்சு போயிடும். வெண்கலத்துல பெரிய பேரு ரெண்டு, மால்மார்க், ஷுல்மெரிக், ரெண்டுமே பென்சில்வேனியா. ரெண்டையும் வாசிச்சிருக்கேன், நாக்கோட மொனைய திருப்பி மெத்து, நடுத்தரம், கடினம்னு மாத்திக்கற வசதி ரெண்டுலயும் இருக்கு. எனக்கு மால்மார்க் சத்தம் கொஞ்சம் உருண்டையா, ஷுல்மெரிக் கொஞ்சம் கூர்மையா கேட்டுச்சு, ஆனா இத பத்தி ரெண்டு வாசிக்கறவங்க உக்காந்தா ராத்திரி பூரா சண்டை போடுவாங்க, அதுல நான் வரல.

உங்க விழாவுக்கு குழுவ கூப்பிடறவங்களுக்கு ஒரு விஷயம். பாட்டு இருபது நிமிஷம்தானேன்னு மேடைல ஒரு ஓரத்த ஒதுக்காதீங்க. பதினொரு பேரும் வரிசையா நிக்கணும், ஒரு டேபிள் ரெண்டு டேபிள் பத்தாது, செட் பண்ண ஹால முன்கூட்டியே தொறந்து விடணும். மைக்க மணிக்கு பக்கத்துல வைக்காதீங்க, சின்ன ஹால்னா மைக்கே வேணாம். டிசம்பர் தேதி வேணும்னா வெயில் காலத்துலயே சொல்லி வச்சுடுங்க, பிப்ரவரி மார்ச்ல கேட்டா கூப்பிட்ட உடனே வருவாங்க, பாட்டும் நல்லா இருக்கும்.

சேர போறவங்க மொத நாளே எதுவும் வாங்கிட்டு போக வேணாம், கலர் பென்சில் ரெண்டு போதும், கையுறை மொதல்ல அவங்களே குடுப்பாங்க. அப்புறம் சொந்தமா வாங்கும்போது உள்ளங்கைல ரப்பர் புள்ளி வச்சதா, விரல்ல டைட்டா நிக்கறதா பாத்து வாங்குங்க, ஒரு சைஸ் லூசா இருந்தாலும் கைப்பிடி சுத்தி நாக்கு பக்கவாட்டுல திரும்பிடும், நீங்க ஆட்டுவீங்க, மணி அடிக்காது.